கடல் இல்லாத குமட்டல்

சுவுரோய் தீவிலிருந்து தோர்ஷவ்ன் நகருக்குப் படகில்
இரண்டு மணி நேரம்.
ஸ்னீப்பாவுக்கு அது இரண்டு மணி நேர வாந்தி.
மலைவிளிம்பில் செம்மறிகளை மறித்துத் திருப்புகிறவள்,
புயலைப் பார்த்தே குரைக்கிறவள்,
படகின் தளம் லேசாகச் சாய்ந்தால் போதும்,
சப்புக்கொட்டிக்கொண்டு வந்து
என் பூட்ஸ்களுக்கு நடுவே முகம் புதைப்பாள்.

அதற்குத்தான் அந்த மாத்திரை.
எடைமேடையில் நான்கு காலும் ஒன்றாக வரும்வரை
மருத்துவர் மர்ஜுன் காத்திருந்து,
பதினெட்டு கிலோ என்று எழுதி,
அந்தப் பதினெட்டுக்கு மட்டும் கணக்கிட்டுத் தந்தது.
புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போது,
ஒரு கை தீனியோடு.
வெறும் வயிறு வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம்.
இறைச்சியில் இறுக்கிப் பொதிந்துவிடாதே,
கரையத் தாமதமாகும்.

ஹேயின் சிரித்தான்.
அவனுடைய கடல்நோய் மாத்திரைகள்
சமையலறை இழுப்பறையில் கிடக்கின்றன,
தூண்டில் முட்களோடும் செத்த பேட்டரிகளோடும்.
"எனக்கு ஒத்துக்கொள்வது இவளுக்கு ஒத்துக்கொள்ளாதா?
பாதியாக உடைத்துப் போடு."
மீன் ஆலையில் எனக்குப் பத்தொன்பது வருடம்.
'ஏறக்குறைய' என்று எடை எழுதிய பெட்டி
திரும்பி வரும் வேகம் எனக்குத் தெரியும்.
இழுப்பறையை இடுப்பால் இடித்துச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை. விடியாத ஐந்து மணி.
மாத்திரை என் உள்ளங்கையில்.
கிண்ணத்தை வைத்தேன்.
முகர்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
பிறகு வாந்தி எடுத்தாள்,
சமையலறையில்,
ஓர் அலைகூட இல்லாத தரையில்.

மஞ்சளாக ஒருமுறை. நுரையாக ஒருமுறை.
பிறகு ஒன்றும் வராமல்
விலா எலும்புகள் மட்டும் வந்து வந்து போயின.
மாடியிலிருந்து ஹேயின்:
"இப்போதே கொடுத்துவிடு, நின்றுவிடும்."

நின்றுவிடும்தான்.
அதுதான் என் கையைப் பிடித்தது.

தொலைபேசியில் மர்ஜுனின் தூக்கம் கலையாத குரல்:
"மாத்திரை உள்ளே போய்விட்டதா?"
இல்லை.
"நல்லது. போக வேண்டாம்.
எத்தனை தடவை எடுத்தாள்?
வயிற்றைத் தொட்டால் இறுக்கிக்கொள்கிறாளா?
நேற்று வெளிக்குப் போனாளா?
வீட்டில் என்ன காணோம்?"

என்ன காணோம்.
அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு
சொந்த வீட்டைச் சுற்றிவந்தால் எல்லாமே காணோம்.
ஒரு சின்னக் கரண்டி.
கோப்பன்ஹேகனுக்குப் போன மகள் எடுத்துப்போன விளக்கு.
முந்தாநாள் எங்களுக்குள் பேசி முடிக்காத பேச்சு.
கதவருகே கம்பியில் காயும் கையுறைகள்:
வலது. இடது.
வலது. இடது.
வலது.

நானே பின்னியது.
அலசி அலசியும் ஆட்டுவாடை போகாத கம்பளி.
அவள் மேய்த்த ஆடு; அவளைச் சொல்லி என்ன.

படகு ஊதிவிட்டு எங்கள் இல்லாமல் போயிற்று.
ஹேயின் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தான்,
ஒரு வார்த்தை பேசாமல்,
தன் கோட்டைக் கழற்றி அவள் அடியில் விரித்து.

மத்தியானம் மர்ஜுன் வெளியே வந்தாள்.
தட்டில் சுருண்டு கிடந்தது என் இடது கை,
கட்டைவிரல் மட்டும் குடலுக்குள்
வழி தேடிப் போயிருந்ததாம்.
"வாந்தியை அடக்கியிருந்தால்
இவள் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது" என்றாள்.
சொல்லிக்கொண்டே ஊசியில் மருந்தேற்றினாள்.
மாத்திரையில் இருக்கும் அதே மருந்து.
நான் பார்த்த பார்வைக்கு,
"இப்போது தரலாம். அடைப்பு போய்விட்டது."

மூன்று வாரம் கழித்துப் படகுக்கு மறுபடி சீட்டு வாங்கினோம்.
பழைய மாத்திரையை ஹேயின்தான் எடுத்துவந்து கேட்டான்:
"இதையே கொடுக்கலாமா?"
அவனே பதிலும் சொல்லிக்கொண்டு
அவளை எடைமேடைக்குக் கூட்டிப்போனான்.
மூன்று கால் ஏறியது. நான்காவதற்குக் காத்திருந்தோம்.

பதினாறே முக்கால்.